சம்பளத்தை அடகு வைத்துச் சொந்தத் தொழிலா?



“எத்தனை காலம்தான் பிறரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குவது? நாமும் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கினால் என்ன?” என்ற பேச்சு எழாத இல்லம் நம்மிடையே அரிது. ஆலையில் கணக்கெழுதுபவராயினும், அரசுப் பேருந்து ஓட்டுபவராயினும், பள்ளியில் பாடம் நடத்துபவராயினும், இரவுச் சாப்பாடு முடிந்து பாயில் அமர்ந்ததும் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். வரவேற்கத் தக்க பேச்சுத்தான். வணிகம் நம் முன்னோர் கடலோடி வளர்த்த தொழில். திருமறை வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்கி வைத்திருக்கிறது.

ஆனால் அடுத்த கேள்வி உடனே எழுகிறது. முதலுக்கு எங்கே போவது? உடன் பணிபுரியும் நண்பர் ஒரு வழி கூறுகிறார். “சம்பளச் சான்றிதழ் கையில் இருக்கும்போது என்ன கவலை? சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கொள்ளும்படி ஒரு கடன் வாங்கிவிடுங்கள். நிலப் பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், இரண்டு ஜாமீன் கையெழுத்துப் போதும்.” கேட்பதற்கு இனிக்கிறது. தொழிலுக்கு இந்தப் பணம் ஏற்ற முதல்தானா என்பதை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

இதற்காக உங்களை விருதுநகர் மாவட்டத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கூலியை முன்வைத்துக் கடன் வாங்குவது அங்கே பல தலைமுறையாக வேரூன்றிய வாழ்க்கை முறை. அதன் வரவையும் செலவையும் அங்கே கண்கூடாகக் காணலாம்.

தாயில்பட்டியின் பாடம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் அமைந்த ஊர் தாயில்பட்டி. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை என்ற வானம் பார்த்த நிலம். பட்டாசும் தீப்பெட்டியுமே அந்த வட்டாரத்தின் அடுப்பை எரிய வைக்கின்றன. காலையில் ஆலை வண்டிகள் ஊர் ஊராகச் சென்று தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போகும். வீட்டிலிருக்கும் பெண்கள் காகிதக் குழாய் சுற்றுவார்கள், தீப்பெட்டி ஒட்டுவார்கள். வேலைக்கு ஏற்ற கூலி; பெரும்பாலும் வாரக் கணக்கு.

இந்த வட்டாரத்தில் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. மகளுக்குத் திருமணம், மகனுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்குக் கூரை என்று எந்தச் செலவு வந்தாலும் தொழிலாளி முதலில் நாடுவது வங்கியை அன்று. தான் வேலை செய்யும் ஆலையை. முன்பணம் தருகிறார்கள். பின்னர் கூலியிலோ, தீபாவளி போனஸிலோ சிறிது சிறிதாகக் கழித்துக் கொள்கிறார்கள். வட்டி என்று பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. கந்து வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் ஆளாகித் தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று தொழிலாளி நினைப்பதில் தவறு காண இயலாது.

ஆயினும் கூர்ந்து நோக்குங்கள். முன்பணம் பாக்கி இருக்கும் வரை அவர் அந்த ஆலையை விட்டு அகல இயலாது. அடுத்த ஆலையில் கூடுதல் கூலி தந்தாலும் போக முடியாது. போக வேண்டுமானால் பாக்கி முழுவதையும் கட்டவேண்டும். கட்டுவதற்குப் புதிய ஆலையில் முன்பணம் வாங்கவேண்டும். கடன் கைமாறுகிறதே தவிரத் தீர்வதில்லை. கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காரணம் காட்டி நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயம் வட்டியின் வகையைச் சேரும் என்பது ஃபிக்ஹுச் சட்ட வல்லுநர் வகுத்த முடிவு. காகிதத்தில் வட்டி என்ற சொல் இல்லாதிருக்கலாம். குறைந்த கூலிக்குக் கட்டுண்டு கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தத் தொழிலாளி எதைச் செலுத்திக் கொண்டிருக்கிறார் என்பதை மார்க்க அறிஞர்கள் சற்று விரிவாக விளக்கினால் நன்று.

நாட்டின் சட்டமும் இதனை அறிந்தே இருக்கிறது. முன்பணத்தின் காரணமாக ஒருவர் தாம் விரும்பிய இடத்தில் வேலை பார்க்கும் சுதந்திரத்தை இழப்பாரானால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிடும். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்குப் பிள்ளைகளின் விரல்கள் உழைத்த காலமும் இந்த மண்ணில் இருந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலைக்கு அமர்த்தியவர் செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டது.

“நாங்கள் பட்டாசுத் தொழிலாளர் அல்லவே, அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், வாங்கப்போவதும் கூட்டுறவுச் சங்கக் கடன் அல்லது வங்கிக் கடன்தானே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்களை எவரும் கொத்தடிமையாக்கப் போவதில்லை. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பிணையாக வைக்கப்படுவது உங்கள் நாளைய உழைப்பு. திருப்பிக் கேட்கப்படுவது, நீங்கள் தொடங்கும் தொழிலின் இலாபத்திலிருந்து அன்று, உங்கள் கூலியிலிருந்து. இந்தப் பொருத்தமின்மையே தொழிலைக் கவிழ்க்கிறது. எப்படி என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கணக்குச் சொல்லும் செய்தி

உதாரணத்திற்கு ஒரு கணக்கு. மாதம் 18,000 ரூபாய் சம்பளம் பெறும் ஒருவர், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில், 36 மாதத் தவணையில் 2 இலட்சம் ரூபாய் சம்பளக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி கணக்கிட்டால் மாதத் தவணை 6,643 ரூபாய். மூன்றாண்டில் அவர் கட்டுவது ஏறக்குறைய 2,39,000 ரூபாய். இனி மாதந்தோறும் வீட்டுக்கு வந்து சேருவது 11,357 ரூபாய்.

அவர் ஜனவரியில் பட்டாசு ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சிறுதொழில் ஒன்றைத் தொடங்குகிறார். பழைய இயந்திரம் ஒன்று, அட்டை, பசை, ஆட்கூலி அனைத்திற்கும் ரொக்கம் தரவேண்டும். ஆனால் சரக்கை வாங்குபவர்கள் ரொக்கம் தருவதில்லை. பட்டாசு வட்டாரத்தின் நாட்காட்டி வேறு. ஆண்டு முழுவதும் உற்பத்தி. விற்பனை முழுவதும் தீபாவளிக்கு. கணக்குத் தீர்ப்பதும் பெரும்பாலும் தீபாவளிக்குப் பிறகே. அச்சுத் தொழில், காகிதத் தொழில், வண்டி வாடகை என அங்குள்ள துணைத் தொழில்கள் பலவும் இந்த ஓட்டத்திலேயே செல்கின்றன.

கடனின் நாட்காட்டியோ ஒவ்வொரு மாதமும் முதல் தேதி. பிப்ரவரி முதல் அக்டோபர் வரை 9 தவணைகள்; 59,787 ரூபாய். வாங்கிய 2 இலட்சத்தில் ஏறத்தாழ 60 ஆயிரம், விற்ற சரக்குக்குக் காசு வருவதற்கு முன்பே திரும்பிப் போய்விட்டது. இதிலும் அசலில் கழிந்தது சுமார் 43,500 ரூபாய்தான், மீதி வட்டி. இந்தப் பணம் எங்கிருந்து போனது? சம்பளத்திலிருந்துதான் போனது என்பீர்கள். சம்பளம் குறைந்ததனால் அரிசி, பால், பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றில் விழுந்த பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பினார்? பெரும்பாலும் தொழிலுக்கென்று வைத்திருந்த பணத்தைக் கொண்டுதான். அல்லது மனைவியின் வளையலைக் கொண்டு. ஆக 2 இலட்சம் முதல் என்று எண்ணித் தொடங்கிய தொழில், உண்மையில் ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவான முதலில் தள்ளாடுகிறது. வாங்கும்போது கணக்கிட்ட முதல் வேறு; கையில் இருக்கும் முதல் வேறு.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. “12 விழுக்காடுதான்” என்று சொல்லி, மூன்றாண்டும் முழு அசலுக்கும் வட்டி போடும் ‘ஃப்ளாட்’ முறையில் கணக்கிட்டால் வட்டி மட்டும் 72,000 ரூபாய். மாதத் தவணை 7,556 ரூபாய். உண்மையான வட்டி விகிதம் ஆண்டுக்குச் சுமார் 21 விழுக்காடு ஆகிவிடும். காகிதத்தில் அச்சிட்டிருக்கும் எண் அதே 12தான்!

தொழிலுக்கென்று வழங்கப்படும் கடன்களில் இந்த நெருக்கடியை ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008இல் தொடங்கப்பட்டபோது, சிறுபான்மையினருக்கு மானியம் நகர்ப்புறத்தில் 25 விழுக்காடு, கிராமத்தில் 35 விழுக்காடு என வகுத்ததோடு, தொழில் காலூன்றும் தொடக்க மாதங்களுக்குத் தவணை கேட்காமல் விடவும் விதி செய்தார்கள். வங்கிப் பகுதிக்கு வட்டி உண்டு. 1999இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமாகிய டாம்கோவின் கடனுக்கும் வட்டி உண்டு. ஆகவே இவற்றைப் பரிந்துரைப்பதற்காக இங்கே கூறவில்லை. வட்டிக்குக் கொடுப்பவர்களே தொழிலுக்குச் சில மாதம் மூச்சுவிட இடம் தரும்போது, சம்பளக் கடன் அதுவும் தருவதில்லை என்பதற்காகக் கூறுகிறேன்.

அவகாசம் இல்லாத கடன்

கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. விட்டுக் கொடுத்துவிடுவது அதனினும் மேல் என்கிறது. சம்பளக் கடனின் அமைப்பே இதற்கு நேர்மாறானது. சம்பளம் உங்கள் கையைத் தொடுவதற்கு முன்பே தவணை கழிக்கப்பட்டுவிடுகிறது. “இந்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த மாதம் தருகிறேன்” என்று சொல்வதற்கு எதிரே ஓர் ஆள்கூட இல்லை.

சரி, சம்பளமே வராமல் போனால்? பட்டாசு வட்டாரம் இதை ஒருமுறைக்கு இருமுறை அனுபவித்திருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்த பின்னர், தீபாவளி முடிந்து திறக்கவேண்டிய ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது மீண்டும் கதவடைப்பு. கூலி நின்றது. பட்டாசை நம்பிய அட்டைப்பெட்டித் தொழிலும் அதே நாளில் நின்றது. கவனியுங்கள்: வேலையும் தொழிலும் ஒரே மரத்தின் இரு கிளைகளாக இருந்தால், மரம் சாயும்போது இரண்டும் சேர்ந்தே விழும். கடன் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

நல்ல எண்ணத்தில் பிறந்த அமைப்புகளும் இருக்கின்றன என்பதை மறுக்கக் கூடாது. சென்னை மாகாண அரசு 1892இல் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, ஜெர்மனியில் ராய்ஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களை ஆராயச் செய்தது. அவருடைய அறிக்கைக்குப் பின் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்று அலுவலகந்தோறும் காணும் பணியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரைச் சற்று நிதானமாகப் படியுங்கள்: ‘சிக்கன நாணயச் சங்கம்’. முதலில் சிக்கனம், அடுத்தே கடன். நாமோ முதல் சொல்லை மறந்து, இரண்டாவது சொல்லுக்கு மட்டும் வரிசையில் நிற்கிறோம்!

சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது; கூட்டுறவுச் சங்கத்திற்குச் செல்லும் பிடித்தமும் சேர்ந்திருந்தால் முக்கால் பங்கு வரை போகலாம் என்றிருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, மொத்தப் பிடித்தத்திற்குப் பாதி என்ற வரம்பையே வைத்துள்ளது. பாதி என்பது சட்டம் பொறுக்கும் எல்லை. உங்கள் வீட்டு உலை பொறுக்கும் எல்லை அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

உலகின் பிற பகுதிகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. பிரேசில் நாட்டில் 2003இல் தனிச்சட்டமே இயற்றிச் சம்பளப் பிடித்தக் கடனைப் பரவலாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் மாரிகானா பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் 2012 ஆகஸ்டில் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஒரே நாளில் 34 பேர் மாண்டனர். அந்தச் சோகத்திற்குப் பின் ஆராய்ந்தவர்கள், தொழிலாளரின் சம்பளத்தைக் கடன்காரர்கள் ஆணைகள் பெற்று முன்கூட்டியே பிடித்து வந்ததையும் எடுத்துக் காட்டினார்கள். உயர்த்திக் கொடுத்தாலும் கைக்கு வராத கூலி! சம்பளத்தைப் பிடிக்கும் ஆணை எதுவாயினும் நீதிபதி ஒருவர் ஆராய்ந்த பின்னரே பிறப்பிக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

அவசரம் என்னும் ஆபத்து

மீண்டும் பட்டாசு வட்டாரத்திற்கே வருவோம். தவணை நெருக்கும் தொழிலுக்கு அவசரம் கூடவே வரும். மற்ற ஊர்களில் அவசரப்பட்டால் பணம் போகும். இங்கே உயிர் போகும்.

ஆலையில் பல ஆண்டு வேலை பார்த்துத் தொழில் நுணுக்கம் அறிந்த ஒருவர், சொந்தமாக ஆலை தொடங்க இயலாத நிலையில், உரிமம் பெற்ற ஆலையின் சில அறைகளை மட்டும் குத்தகைக்கு எடுக்கிறார். இதனை உள்குத்தகை என்பார்கள். சட்டம் இதனை அனுமதிக்கவில்லை. குத்தகைப் பணத்தை ஒரே பருவத்தில் எடுத்தாக வேண்டுமே! நால்வர் அமர வேண்டிய அறையில் கூடுதலாக ஆட்கள் அமர்கிறார்கள். மரத்தடியிலும் மருந்து செலுத்துகிறார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் வெடித்த ஆலையில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது.

அதற்கும் வழியற்றவர்கள் வீட்டிலேயே கருந்திரி சுற்றுகிறார்கள், பட்டாசே செய்கிறார்கள். உரிமம் வேண்டாம், வாடகை வேண்டாம், முதல் குறைவு என்று தோன்றுகிறது. 2021 ஜூன் மாதம் இதே தாயில்பட்டியில், உரிமமின்றிப் பட்டாசு செய்யப்பட்ட வீடு ஒன்று வெடித்துச் சிதறியது. இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. தவணை கட்டுவதற்காக எந்தத் தொழிலையும் செய்யலாம் என்ற நிலைக்கு ஒரு குடும்பம் தள்ளப்படக் கூடாது. அப்படித் தள்ளும் பணத்தை முதல் என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

காத்திருக்கும் பணம்

அப்படியானால் முதலுக்கு எங்கே போவது? அதே விருதுநகர் மண்ணிலேயே விடை இருக்கிறது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, சொந்த ஊரில் ஆலை தொடங்கிய வரலாறு அனைவரும் அறிந்தது. அவர்கள் முதலில் தேடியது தொழிலறிவை என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்தச் சமுதாயத்தின் வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கிப் பொது நிதி வளர்த்தனர். வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த பிடியரிசியும் சேர்ந்தே விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை நடத்தியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினர். 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது அதுவே. வங்கி வட்டித் தொழில்தான். அதை நாம் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் பிடியரிசிக்கும் மகமைக்கும் வட்டி ஏது? நம்மிடம் ஜகாத்தும் ஸதகாவும் பைத்துல்மாலும் இருந்தும், கூட்டாகச் சேர்த்துத் தனிமனிதனைத் தூக்கிவிடும் அந்தப் பழக்கத்தில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்றே கருதுகிறேன்.

நம்மவர் செய்தவையும் இல்லாமல் இல்லை. தேவ்பந்தில் 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு, நகை ஈட்டின் பேரில் வட்டியின்றிக் கடன் வழங்கியது. ஹைதராபாத்தில் 1966இல் தூர் பைத்துல்மால் தோன்றியது. தமிழகத்தில் மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் அமைக்கப்பட்டு, திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசும் மானியம் வழங்கியது. உங்கள் மாவட்டச் சங்கத்தின் நிலையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேட்டறியலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாகப் பெருமானார் (ஸல்) அவர்களின் இளமைக்கால வணிகத்தை எண்ணிப் பாருங்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதல், நாயகத்தின் உழைப்பு, இலாபத்தில் பங்கு. இதனையே முளாரபா என்கிறோம். பணம் போட்டவர் மாதம் பிறந்ததும் தவணை கேட்க மாட்டார். சரக்கு விற்று, கணக்குத் தீர்ந்த பிறகே பங்கு கேட்பார். உழைத்தவரின் தவறின்றி நட்டம் வந்தால் பணத்தின் நட்டம் பணம் போட்டவருக்கு. உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். தீபாவளிக்குத் தீபாவளி கணக்குத் தீர்க்கும் அட்டைப்பெட்டித் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேறு என்ன இருக்கிறது? உங்கள் மச்சானிடமோ, வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பாவிடமோ “கடன் கொடுங்கள்” என்று கேட்பதற்குப் பதில் “பங்கு சேருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். கடன் கேட்டால் முகம் சுளிப்பவர், பங்கு என்றால் கணக்குக் கேட்பார். கேட்கட்டும்! அவர் கேட்கும் கேள்விகளுக்கு உங்களால் விடை சொல்ல முடியவில்லை என்றால், தொழில் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

சிறிதாகத் தொடங்குவதிலும் இழிவில்லை. மக்காவில் செல்வராயிருந்து, வெறுங்கையுடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அதனை நன்றியுடன் மறுத்து, கடைத்தெருவுக்கு வழி கேட்டவர் அப்துர் ரஹ்மான். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அந்த வணிகம் எங்கே போய் நின்றது என்பதை வரலாறு அறியும். மாதம் 6,643 ரூபாய் தவணை கட்ட இயலும் என்று துணிகிற ஒருவர், கடன் வாங்காமலேயே அந்தத் தொகையை மாதாமாதம் ஒதுக்கினால் 15 மாதத்தில் 99,645 ரூபாய் சொந்த முதல் சேர்ந்துவிடும். அந்த 15 மாதமும் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தொழிலைக் கற்கலாம். ஒதுக்க இயலவில்லை என்றால், தவணையும் கட்ட இயலாதவர்தாம் அவர்.

ஜாமீன் கையெழுத்து

ஏற்கெனவே கடன் வாங்கிவிட்டவர்களுக்கும், ஜாமீன் போட்டுவிட்டவர்களுக்கும் சில சொற்கள். சம்பளக் கடனில் ஜாமீன் என்பது வெறும் சடங்கு அன்று. கடன் வாங்கியவர் வேலையை விட்டுத் தொழிலுக்குப் போய்விட்டால், பிடித்தம் ஜாமீன்தாரரின் சம்பளத்திற்குத் தாவும். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்குச் சில தீனார் கடன் இருந்ததை அறிந்து தாம் தொழ வைக்காமல் விலகினார்கள் நாயகம் (ஸல்). அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழ வைத்தார்கள். அத்துணைக் கனமான பொறுப்பை, தேநீர்க் கடையில் நின்றபடி படித்துப் பாராமல் கையெழுத்திட்டு ஏற்றுக் கொள்கிறோம்.

நாளைக் காலை உங்கள் சங்கத்திற்கோ வங்கிக்கோ சென்று எழுத்தில் கேளுங்கள். வட்டி முழு அசலுக்கா, குறையும் நிலுவைக்கா? கையில் பணம் வந்தபோது ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டினால் தவணை குறையுமா, அபராதம் உண்டா? ஆலை மூடினால், வேலை போனால் பாக்கி என்னவாகும்? கடனுக்குக் காப்பீடு என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா, எவ்வளவு? விடைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இறந்தவரின் சொத்தில் கடன் போகவே வாரிசுப் பங்கு என்பதால், அந்த நோட்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது உங்கள் மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.